பாஸ்டனிலிருந்து வந்த கேள்வி

1855ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த ரூபஸ் ஆண்டர்சன் கேட்டது ஒரே கேள்விதான்: இந்தக் கல்லூரி எதற்கு?

அவர் அமெரிக்கன் மிஷன் போர்டின் செயலாளர். 1832 முதல் 1866 வரை பாஸ்டனில் இருந்தபடி, உலகெங்கும் பரவிக் கிடந்த மிஷனரிகளுக்குக் கடிதம் எழுதிக் கணக்குக் கேட்டவர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அந்த மிஷனின் செமினரி என்ற கல்லூரி தொடங்கி அப்போது 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. இலங்கை அரசின் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒரே வரிசையில் வைத்து அதைப் பாராட்டி எழுதியிருந்தார். ஆண்டர்சன் வந்தார், விசாரித்தார், அறிக்கை எழுதினார். அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது.

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது பெரும்பாலும் ஆண்டர்சனை வில்லனாக்கிவிடுவார்கள். தமிழின் நல்லகாலத்தில் மண்ணள்ளிப் போட்ட வெள்ளைக்காரர் என்று ஒரு வரியில் அவரைத் தீர்த்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் சொன்ன பதில் தவறு. ஆனால் அவர் கேட்ட கேள்வி கிறிஸ்தவக் கல்விக்கூடம் நடத்துகிற எவரும் கேட்டே தீரவேண்டியது. இன்று அதைக் கேட்பார் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

செமினரி எப்படித் தொடங்கியது என்பதைப் பார்த்தால்தான் ஆண்டர்சனின் கோபம் விளங்கும். 1816இல் டேனியல் பூரும் அவருடன் வந்தவர்களும் யாழ்ப்பாணத்தில் காலூன்றினார்கள். வட்டுக்கோட்டையில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயம் ஒன்று பாழடைந்து கிடந்தது; அதைச் செப்பனிட்டுக் குடியேறினார்கள். ஆங்கிலேய அரசுக்கு அமெரிக்கர் மேல் நம்பிக்கை கிடையாது. 1820இல் கேரட் என்ற அச்சுத்தொழிலாளர் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கியபோது, ஆளுநர் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரைத் தீவில் தங்க விடாமல் அனுப்பிவிட்டார். அமெரிக்க மிஷனின் அச்சகம் மானிப்பாயில் நிலைபெற 1830கள் ஆயின. இத்தனை நெருக்கடிக்குள் இருந்துகொண்டுதான் 1823இல் ஒரு கல்லூரித் திட்டத்தை வெளியிட்டார்கள். ஆங்கிலம், தமிழ் இலக்கியம், சமஸ்கிருதம், கணிதம், வானியல், அத்தனைக்கும் உள்ளோட்டமாக வேதாகமம். கையில் காசில்லாத நாலைந்து பேர் போட்ட திட்டம் என்று நம்புவது கடினம்.

செலவுக்கு அவர்கள் கண்ட வழியும் வேடிக்கையானது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பையனின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பினால், அவர் சொல்கிற பெயரைப் பையனுக்கு வைப்பார்கள். 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் தமிழர்கள், செமினரியில் படித்தவர்கள். கடல் கடந்து பணம் அனுப்பிய ஒரு குடும்பத்துக்குத் தன் பணம் எதற்குப் போகிறது என்பதில் சந்தேகமே இருந்திருக்காது. ஓர் ஆத்துமா இரட்சிக்கப்பட வேண்டும். அதற்குத்தான்.

வட்டுக்கோட்டையிலோ வேறு காரியங்களும் நடந்துகொண்டிருந்தன. 1829இல் ஒரு சந்திர கிரகணம். அராலி விசுவநாத சாஸ்திரியின் பஞ்சாங்கக் கணக்குக்கும் பூரின் கணக்குக்கும் நிமிடங்களில் வேறுபாடு. ஊர் கூடிப் பார்த்தது. பூரின் கணக்கு சரியாக வந்தது. மிஷனரிகள் இதை வெற்றியாகக் கொண்டாடினார்கள் என்பது உண்மை. சோதிடத்தை உடைத்தால் சைவம் உடையும் என்று நினைத்தார்கள். அது உடையவில்லை. ஆனால் அந்த முற்றத்தில் நின்ற பையன்களுக்கு வேறொன்று பழகிப்போனது. ஒரு கூற்றைச் சோதித்துப் பார்க்கலாம், பெரியவர் சொன்னதையும் கடிகாரத்தை வைத்துச் சரிபார்க்கலாம் என்பது. இந்தப் பழக்கம் பின்னாளில் மிஷனரிகளின் கூற்றுகள் மேலும் திரும்பியது என்பது தனிக்கதை.

பூருக்கு அடுத்து முதல்வரான ஹென்றி ஹொய்சிங்டன் இன்னும் ஒருபடி போனார். வானியலில் பாடநூல் எழுதியது போதாதென்று சைவ சித்தாந்தத்துக்குள் இறங்கினார். சிவஞானபோதத்தை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தது 1854இல் அமெரிக்காவில் அச்சாயிற்று. எதிரியின் ஆயுதத்தை அறிந்துகொள்ளத்தான் தொடங்கியிருப்பார்; அப்படித்தான் அந்தக் காலத்து மிஷனரிகள் தங்கள் மேலதிகாரிகளிடம் காரணம் சொல்வார்கள். ஆனால் மெய்கண்டாரின் பன்னிரண்டு சூத்திரங்களை வரிவரியாகப் பெயர்க்கிறவன் வெறும் எதிரியாக இருந்து அந்த வேலையை முடிக்க முடியாது. ஆண்டர்சனின் அறிக்கையில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

அந்த அறிக்கை என்ன சொன்னது? ஆங்கிலம் படித்தவன் ஊரில் நிற்பதில்லை. கச்சேரிக்கும் கொழும்புக்கும் இந்தியக் கரைக்கும் குமாஸ்தாவாக, மொழிபெயர்ப்பாளனாக, ஆசிரியனாகப் போய்விடுகிறான். மாணவர்களில் பெரும்பாலோர் சபையில் சேரவே இல்லை. கிராமத்துச் சபைக்குப் போதகர் கிடைப்பதில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஊழியத்துக்குப் பிறகும் குருப்பட்டம் பெற்ற தமிழர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. அமெரிக்கக் கிறிஸ்தவர்களின் காணிக்கையில் பிரிட்டிஷ் அரசுக்கு எழுத்தர்களைத் தயார்செய்து கொடுக்கிறோமா?

ஆண்டர்சன் சிறுமனதுக்காரர் அல்லர் என்பதைக் காட்ட இதற்குப் பின்னால் இருந்த அவருடைய கொள்கையைச் சொல்லவேண்டும். உள்ளூர்ச் சபை தன்னைத் தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், தானே பரவ வேண்டும்; மிஷனரி சீக்கிரம் மூட்டையைக் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் ஹென்றி வென் சொன்னதும் இதையேதான். வெள்ளைக்காரர் காலாகாலத்துக்கும் ஆளப் பிறந்தவர் என்று அநேகமாக எல்லோரும் நம்பிய நூற்றாண்டில் இது சாதாரணப் பேச்சல்ல. தமிழிலேயே கற்பி, ஊரிலேயே நிற்கிற ஆளை உருவாக்கு, ஆங்கிலத்தை நிறுத்து என்றார். மதுரைப் பக்கம் பசுமலை செமினரியிலும் இதே கத்தரிதான் விழுந்தது.

டேனியல் பூர் இதைப் பார்க்க இருக்கவில்லை. 1855 பிப்ரவரியில் மானிப்பாயில் காலராவில் இறந்துபோனார்.

மூடியபின் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பட்டங்களை வழங்கியபோது அவற்றைப் பெற்ற இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்கள்: சி. வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. தாமோதரம் பிள்ளையை ஆண்டர்சனின் பேரேட்டில் எழுதிப் பாருங்கள். ஊரில் நிற்கவில்லை, சென்னைக்குப் போனார். போதகராகவில்லை, அரசு வேலைக்குப் போனார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். சபையிலும் நிலைக்கவில்லை, சைவராகத் திரும்பினார். மூன்று பத்தியிலும் நஷ்டம். அந்த நஷ்டக் கணக்குதான் ஏடுகளைத் தேடி அலைந்து, 1881இல் வீரசோழியத்தையும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சில் கொண்டுவந்தது. எட்டுத்தொகை நூல்களில் முதலில் அச்சேறியது கலித்தொகை. பல ஏடுகளை ஒப்பிட்டு, ஐயமான இடத்தை ஐயம் என்றே குறித்து, இன்னும் தேடவேண்டியதைப் பதிப்புரையில் வெளிப்படையாகச் சொல்லும் அந்த ஒழுங்கு அவருக்கு எங்கிருந்து வந்தது? தமிழ் மரபிலிருந்தும்தான். ஆனால் கிரகணத்துக்குக் கடிகாரம் பிடித்த அந்த முற்றத்துக்கும் அதில் பங்கில்லை என்று என்னால் சொல்லமுடியாது.

சபையிலேயே நின்றவர்களும் உண்டு. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கடைசிவரை கிறிஸ்தவராகவும் ஆசிரியராகவும் இருந்து, நானூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்டார். அதில் பெரும்பகுதி சைவ, வைணவப் புலவர்கள். தன் சமயம் எது என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இங்கே ஒரு சௌகரியமான வாதத்துக்கு வழுக்கிவிடுகிற அபாயம் உண்டு. நோக்கம் பற்றிக் கவலைப்படாதே, நன்றாகக் கற்பி, நல்லது தானாக விளையும் என்கிற வாதம். கல்லூரி நூற்றாண்டு மலர்களில் எல்லாம் இதைப் படிக்கலாம். பெரிய மனிதரான பழைய மாணவர் பத்துப்பேர் படத்தைப் போட்டுவிட்டால் நூறாண்டும் நியாயமாகிவிடும். ஒரு தாமோதரம் பிள்ளைக்குப் பின்னால் எத்தனை நூறு எழுத்தர்கள்? அவர்களைப் பற்றி ஆண்டர்சன் சொன்னது பொய்யில்லையே. அவர் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. செமினரியில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளாளர். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று போதித்தவர்கள் யாழ்ப்பாணத்துச் சாதிக் கட்டுக்கு வளைந்துகொடுத்தே பள்ளி நடத்தினார்கள். ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்று வாதாடிய இரு தரப்பும், வாசலுக்கு வெளியே நின்றவன் யார் என்று கேட்டதற்கு அடையாளம் அதிகம் இல்லை.

நோக்கம் மட்டும் போதாது, ஞானமும் வேண்டும். ஞானம் என்றால் நம் பிரசங்கிகள் உடனே சாலொமோனிடம் போவார்கள். கிபியோனில் கனவு, ஆயுசும் ஐசுவரியமும் கேட்காமல், ஜனங்களை நியாயம் விசாரிக்கத் தக்க அறிவைக் கேட்ட இளம் ராஜா, ஒரு குழந்தைக்காகச் சண்டையிட்ட இரண்டு பெண்கள், வாள். பள்ளி ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினர் இந்த இடத்தில் கைதட்டல் வாங்கி உட்கார்ந்துவிடுவார். அதே இராஜாக்கள் புத்தகத்தை இன்னும் சில பக்கம் புரட்டினால் வேறொரு கணக்கு கிடைக்கும். ஆலயம் கட்ட ஏழு வருஷம், தன் அரண்மனை கட்டப் பதின்மூன்று வருஷம். லீபனோனில் மரம் வெட்ட முப்பதாயிரம் பேர், மாதம் பத்தாயிரம் பேராக முறைபோட்டு அனுப்பப்பட்ட கட்டாய வேலையாட்கள். சாலொமோன் செத்ததும் ஜனங்கள் மகன் ரெகொபெயாமிடம் வந்து நுகத்தை இலேசாக்கும்படி கேட்டார்கள். முதியவர்கள் சொன்ன ஆலோசனையைத் தள்ளி, கூட வளர்ந்த வாலிபர்களின் பேச்சைக் கேட்டான் மகன். பத்துக் கோத்திரம் பிரிந்து போயிற்று. ஞானத்தைக் கேட்டு வாங்கியவனின் ராஜ்யம் ஒரு தலைமுறையில் உடைந்ததற்கு அந்தக் கட்டடங்களின் பாரமும் ஒரு காரணம். இதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கட்டடம் கட்டுகிற தாளாளர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சொல்வதும் கஷ்டம்தான்.

நோக்கமும் ஞானமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அதே யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறது. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் வேலைசெய்த மருத்துவர். முதலில் மருத்துவத்தை ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆண்டர்சன் சொன்னதே அவருக்கும் நடந்தது: படித்துத் தேறியவர்கள் அரசு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள், கிராமத்து நோயாளி கிராமத்திலேயே கிடந்தான். 1857இல் ஊருக்குப் போன கிறீன் 1862இல் திரும்பி வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார்.

ஆண்டர்சனுக்கும் கிறீனுக்கும் வேறுபாடு இங்கேதான். தமிழில் கற்பிப்பது என்றால் ஆண்டர்சனுக்குப் பாடத்தைக் குறைப்பது. உபதேசியாருக்குப் போதுமான அளவு. கிறீனுக்கு அது பாடத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் தமிழைக் கூட்டுவது. நியூயார்க்கில் ஒரு மாணவன் படிக்கிற உடற்கூற்றியல் எதுவோ அதே நூல் மானிப்பாய்ப் பையனுக்கும் வேண்டும், தமிழில். 1867இல் 'இரணவைத்தியம்' வந்தது. 1872இல் கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்'. 1875இல் வேதியியலுக்கு 'கெமிஸ்தம்'. எலும்புக்கும் நரம்புக்கும் அமிலத்துக்கும் சொல் தேடித் தன் மாணவர்களோடு உட்கார்ந்து பட்டியல் போட்டார். பகலில் வார்டு, இரவில் மெய்ப்பு என்று ஓடியிருக்க வேண்டும். கிறிஸ்தவராகிறவர் நடையுடையில் மேல்நாட்டாராக மாறிப்போவது அவருக்குப் பிடிக்காது. 1873இல் உடல்நலம் கெட்டு அமெரிக்கா திரும்பிய பிறகும் தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்துகிற வேலையை அவர் விடவில்லை. 1884இல் இறந்தார். அவர் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதை மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் உள்ள அவருடைய கல்லறைக் கல் சொல்கிறது.

கிறீன் தோற்றுப்போனார் என்றும் சொல்லலாம். அவருக்குப் பின் தமிழில் மருத்துவக் கல்வி தொடரவில்லை. அரசுக்கு ஆங்கிலச் சான்றிதழ்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஒரு தலைமை எப்படி யோசிக்க வேண்டும் என்பதற்கு அவர் சான்று. படித்தவன் ஊரைவிட்டுப் போகிறான் என்ற அதே உண்மை இருவர் முன்னும் இருந்தது. ஒருவர் கதவைச் சாத்தினார். மற்றவர் வேறு கதவு செய்ய உட்கார்ந்தார். அதற்குப் பாஸ்டனில் இருந்தால் போதாது. நோயாளியின் நாக்கைப் பார்க்கிற தூரத்தில் இருக்கவேண்டும், அவன் மொழியில் அவனிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கவேண்டும்.

இதே வழக்கு சென்னையிலும் வேறு உருவில் நடந்தது. 1862இல் வந்து, 1877 முதல் 1907 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வராக இருந்த வில்லியம் மில்லர் மேல் ஸ்காட்லாந்தில் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்: ஞானஸ்நானம் எத்தனை? சமூகம் முழுவதற்குள்ளும் மெல்லப் பரவுகிற ஒரு செல்வாக்கைக் கல்லூரி உண்டாக்குகிறது, அதை ஆண்டுக் கணக்கில் அளக்கமுடியாது என்பது அவர் நிலை. அந்தக் கல்லூரியில்தான் ஏ. ஜி. ஹாக் என்ற தத்துவப் பேராசிரியரிடம் படித்த ராதாகிருஷ்ணன் வேதாந்தத்தின் அறநெறியைத் தாங்கி 1908இல் ஆய்வேடு எழுதினார். ஹாக் அதைப் பாராட்டினார். தன் சமயத்துக்கு எதிர்வழக்காடுகிற மாணவனின் தாளை நேர்மையாகத் திருத்துகிற வாத்தியார் கிறிஸ்தவக் கல்லூரியின் நோக்கத்தை நிறைவேற்றுகிறாரா, மீறுகிறாரா? நிறைவேற்றுகிறார் என்பது என் துணிபு. 1931இல் லிண்ட்சே தலைமையிலான குழு இந்தியக் கிறிஸ்தவக் கல்லூரிகளை ஆராய்ந்தபோது மறுபடி ஆண்டர்சனின் கேள்வியைத்தான் எழுப்பியது. தேர்வும் பல்கலைக்கழக இணைப்பும் சேர்ந்து இந்தக் கல்லூரிகளின் தனித்தன்மையை விழுங்கிவிட்டதாகக் கவலைப்பட்டது.

அந்தக் கவலைக்குப் பிறகு ஏறத்தாழ நூறாண்டு ஓடப்போகிறது. இன்று நம்மூர் மிஷன் கல்லூரி எதற்குள் நுழைந்தாலும் முன்கூடத்தில் ஒரு கிரானைட் பலகை. நோக்கம், இலக்கு, விழுமியங்கள். பொன்னெழுத்து. தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வருகிறது என்று பதினைந்து நாளில் எழுதி மாட்டியது என்பது அங்கே வேலைபார்க்கும் எல்லோருக்கும் தெரியும். பலகைக்கு அந்தப் பக்கம் சுயநிதிப் பிரிவில் சொற்பச் சம்பளத்துக்கு முனைவர் பட்டக்காரர்கள். ஆசிரியர் நியமனம் ஒன்றுக்கு என்ன 'நன்கொடை' என்பது திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். தாளாளர் பதவி யாருக்கு என்பது பெருமன்றத் தேர்தலோடு முடிவாகிறது. தோற்ற அணி நீதிமன்றம் போகிறது. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு தந்த சிறுபான்மை உரிமையை வைத்துக்கொண்டு எதைப் பாதுகாத்தோம் என்று கேட்டால் பல இடங்களில் பதில் சொத்து என்பதாகத்தான் இருக்கும். விதிவிலக்குகள் உண்டு, அங்கெல்லாம் பெரும்பாலும் யாரோ ஓர் ஆசிரியை, யாரோ ஒரு விடுதிக் காப்பாளர் நிர்வாகத்தையும் மீறி அந்த நோக்கத்தைக் காத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படி நடத்துகிற நாம் ஆண்டர்சனைக் குறுகிய மனதுக்காரர் என்று சொல்லலாமா? அவர் நோக்கத்துக்காகக் கல்லூரியை மூடினார். நாம் நோக்கத்தை மூடிவிட்டுக் கல்லூரியை நடத்துகிறோம்.

வட்டுக்கோட்டைக் கதை 1855இல் முடியவில்லை. செமினரி போனபின் பழைய மாணவர்களே அங்கே ஆங்கிலப் பள்ளி நடத்தினார்கள். கல்லூரி வேண்டும் என்று உள்ளூர்க் கிறிஸ்தவர்களே கேட்டு, பணம் சேர்த்து, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியை அதே வளாகத்தில் தொடங்கவைத்தார்கள். தன்னைத் தானே நடத்திக்கொள்கிற சபை வேண்டும் என்ற ஆண்டர்சனின் கனவு, அவர் மூடிய கல்லூரியைத் திரும்பத் திறப்பதில் போய்ப் பலித்தது. அந்தக் கல்லூரி வழிவந்த ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924இல் மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. முழு விடுதலை கேட்டார்கள், சாதியை எதிர்த்துப் பேசினார்கள், 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்தார்கள். நூறாண்டுக்கு முன் செமினரி கேட்கத் தவறியதை அதன் வாரிசுகள் கேட்டார்கள்.

இதைப் படிப்பவர்களில் யாராவது ஒரு மிஷன் பள்ளியின், கல்லூரியின் ஆட்சிக்குழுவில் இருக்கக்கூடும். அப்படியிருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் கூட்டத் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, கடந்த ஐந்தாண்டுத் தீர்மானங்களில் கட்டடம், நியமனம், வழக்கு, வாடகை ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்சம் எத்தனை என்று பாருங்கள். வகுப்பறை பற்றி ஒன்றாவது தேறினால் சந்தோஷம். தேறாவிட்டால், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஆண்டர்சனின் கேள்வியை முதல் பொருளாகச் சேருங்கள். பதில் சொல்ல உட்காரும்போது விடுதிப் பிள்ளைகள் இரண்டு பேரையும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர் ஒருவரையும் அந்த அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.